பிளாக்காங் மாத்தியில் நீ எடுத்த பூ

தம்பி,

உன் கடிதமும், வெளியூரில் நீ படிக்கிற பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர்கள் போட்ட மலரும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. வந்த நாளிலிருந்து எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துதான் பார்க்கிறேன். பிறகு வெளியே வந்து நம் அடுக்குமாடிப் புளோக்கின் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா என்னைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டாள். என் மகன் இங்கிலாந்து போகப் போகிறான் என்றேன். அவள் சந்தோஷப்பட்டு ஒரு தட்டு குவேப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். அதை நின்றுகொண்டே தின்றேன்.

நீ எழுதியிருந்தது இரண்டு விஷயம். இங்கிலாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஒரு மாதத்துக்குள் சம்மதமா இல்லையா என்று சொல்ல வேண்டும் என்பது முதலாவது. அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். இரண்டாவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் உன் பேரில் பூக்கட்டிப் போட்டுப் பார்க்கச் சொல்கிறாய். வெள்ளை வந்தால் கப்பலேறுவாயாம், சிவப்பு வந்தால் இங்கேயே வாத்தியார் வேலைக்கு எழுதிப் போடுவாயாம். சின்ன வயதில் பிளாக்காங் மாத்தித் தீவில் பூக் கேட்டுத்தானே நாம் கரைக்கு வந்தோம், அப்படி வந்ததால்தானே எல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுதியிருக்கிறாய். கேலியாக எழுதின மாதிரி இருந்தாலும் அது கேலி இல்லை என்று பெற்றவளுக்குத் தெரியாதா? நீ என்னைத் தனியே விட்டுப் போக அஞ்சுகிறாய். அந்த அச்சத்தைச் சாமி தலையில் வைக்கப் பார்க்கிறாய்.

மலரில் நீ எழுதிய கட்டுரையை மூன்று முறை படித்தேன். போன விடுமுறையில் நீயும் உன் சிநேகிதர்களும் சம்பான் படகு பிடித்து அந்தத் தீவுக்குப் போய், முட்டி வரை சேறும் கை நிறையச் சிராய்ப்புமாக வந்தீர்களே, அது இதற்குத்தானா? நன்றாக எழுதியிருக்கிறாய். ஒரு காலத்தில் அங்கே காய்ச்சலில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தது, மேடெல்லாம் அன்னாசி பயிரிட்டது, வெள்ளைக்காரன் மலையைக் குடைந்து கோட்டை கட்டியது, சண்டைக் காலத்தில் கடற்கரையில் பிணங்கள் ஒதுங்கியது, எல்லாம் இருக்கிறது. மேட்டில் இருந்த நம் அம்மன் கல், பீரங்கி மேடை கட்டினபோது மிச்சமான கருங்கல்லாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். மிச்சமானதில்தான் நாங்களும் இருந்தோம், அவளும் இருந்தாள்.

ஆனால் ஆண்பிள்ளைகள் எழுதுகிற சரித்திரத்தில் பீரங்கி இருக்கும், பானை இருக்காது. பீரங்கிப் பயிற்சி நாளன்று விடிந்ததும் ஒரு சிப்பாய், பட்டாளத்து வேலையாட்கள் குடியிருந்த லைன் வீடுகளின் வழியே கத்திக்கொண்டே போவான். ஜன்னல்களை எல்லாம் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி நொறுங்கிவிடும். எங்கள் லைனில் கண்ணாடி ஏது? நாங்கள் பரணில் இருக்கிற பானை, ஜாடி, ஊறுகாய் எல்லாவற்றையும் இறக்கித் தரையில் சாக்கு விரித்து வைப்போம். கோழிகளைக் கூடையைப் போட்டு மூடுவோம். முத்தையா அண்ணன் மேட்டுக்குப் போய் அம்மனுக்குத் தேங்காய் உடைப்பார். அவர் பட்டாள ஸ்டோரில் வேலை செய்தவர், பூசையும் அவர்தான். தேங்காய் உடைந்த பிறகுதான் முதல் குண்டு என்று நாங்கள் நம்பினோம். வெள்ளைக்கார அதிகாரிக்கு அது தெரியாது. நீ என் வயிற்றில் இருந்தபோது ஒவ்வொரு குண்டுக்கும் உள்ளே ஓர் உதை உதைப்பாய். குண்டு போட்ட நாளுக்குப் பிறகு ஒரு வாரத்துக்குக் கோழி முட்டை இடாது. இதையெல்லாம் என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. குறை சொல்லவில்லை, ஆனாலும் கேட்டிருக்கலாம்.

எனக்கு அந்தத் தீவு பிடிக்காது என்று உனக்குத் தெரியுமா? நான் கரையில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய கம்போங் கப்போரில் பிறந்தவள். மாட்டுக்கொட்டகையும், பூக்கடையும், ரேடியோச் சத்தமும், வீட்டு வாசலில் சண்டையும் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஜப்பான்காரன் போன மறு வருஷம் உன் அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்குப் பட்டாளத்துச் சமையல்கட்டில் வேலை. லாஞ்சில் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் அக்கரை வந்துவிடும், ஊர் கண்ணுக்கு எதிரேயே தெரியும், ஆனால் போக முடியாது. அதுதான் கொடுமை. கண்காணாத இடமாக இருந்திருந்தால் மறந்திருப்பேன். சாயங்காலம் ஆனால் நான் தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். உன் அப்பா, "இவ காலுக்குச் சக்கரம் கட்டி அனுப்பிட்டாங்க" என்று சிரிப்பார். அவருக்கோ அந்தத் தீவு உயிர். கடலைப் பார்த்தபடி வெங்காயம் உரிக்கிற மனுஷன். அந்த மேட்டம்மனிடம் அவருக்கு இருந்த பக்தி எனக்கு வரவில்லை. வராததை வந்ததாகச் சொல்வானேன்?

உனக்குப் பத்து வயது இருக்கும்போது பீரங்கிப் படையைக் கலைக்கப் போவதாகச் செய்தி வந்தது. இனிமேல் கரையிலிருந்து கப்பலைச் சுடுகிற காலம் இல்லையாம். படை போனால் சமையல்காரர், ஸ்டோர் ஆள், துணி வெளுப்பவர், எங்கள் லைனில் இருந்த எல்லாருக்கும் வேலை போயிற்று. குடியிருக்கிறவர்கள் இப்போதைக்கு இருக்கலாம் என்றார்கள். வேறு பட்டாளம் வரும், நமக்கு வேலை கொடுக்கும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். வராது, கரைக்குப் போய்விடலாம் என்று மீதிப் பேர். ஆண்கள் தினமும் கூடிப் பேசினார்கள், ஒன்றும் முடிவாகவில்லை. எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். உங்களைக் கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன பட்டாள லாஞ்ச் அந்த மாதக் கடைசியோடு நின்றுவிடும். வேலையும் இல்லாமல் தினம் சம்பானுக்கு யார் கொடுப்பது? உன் படிப்பு அதோடு முடிந்திருக்கும். நீ கடலில் வலை இழுத்துக்கொண்டிருப்பாய். வலை இழுப்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை. நீ அதற்குப் பிறந்தவன் இல்லை என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

பேசிப் பேசி அலுத்துப்போய் அம்மனையே கேட்டுவிடலாம் என்று முத்தையா அண்ணன் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை லைனே மேட்டில் கூடியது. அரளிச் செடியில் வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று பறித்து, இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் பொட்டலம் கட்டி, குலுக்கி அவள் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் எல்லாரும் புறப்படுவது, சிவப்பு வந்தால் எல்லாரும் இருப்பது என்று உரக்கச் சொன்னார். எடுப்பதற்குச் சின்னப்பிள்ளை வேண்டுமே, நீதான் முன்னால் நின்றாய். ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாய். கொடுத்த கையோடு மற்றப் பையன்களுடன் பீரங்கி மேடைப் பக்கம் ஓடிவிட்டாய். பொட்டலம் பிரிந்ததை நீ பார்க்கவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்.

உன் கட்டுரையில், "நான் எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப்பூ இருந்தது, அம்மன் விடை கொடுத்தாள், எங்கள் மக்கள் கரையேறினார்கள்" என்று எழுதியிருக்கிறாய்.

தம்பி, நீ எடுத்தது சிவப்பு.

முத்தையா அண்ணன் இலையை விரித்துக் காட்டினார். உன் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். முத்தையா அண்ணன், "அம்மா இருக்கச் சொல்லிட்டா. இனிமே யாரும் போறேன்னு பேசக்கூடாது" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்கள் நடுவில் பேசுகிற பழக்கம் எங்கள் லைனில் கிடையாது. நான் பேசினேன். "சரிண்ணே, திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லாஞ்ச் அனுப்புவாளான்னும் ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க" என்றேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் என்னைத் திட்டவில்லை, பாவம். அவருக்கும் போக்கிடம் இல்லை, பூவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், நாம் போகலாம் என்றேன். பூ வந்த பிறகு எப்படிப் போவது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அழுதுவிடுவார் போல இருந்தது. அன்றும் மறுநாளும், நீ தூங்கின பிறகு, நாங்கள் ஒருவரை ஒருவர் கெஞ்சினோம். அவர் என்னை இருக்கச் சொல்லிக் கெஞ்சினார், நான் அவரை வரச் சொல்லிக் கெஞ்சினேன். கடைசியில் நான் சொன்னேன்: "நீங்க இருங்க. நான் போறேன். பையன் என்னோட வர்றான்." அவர் தடுக்கவில்லை. பட்டப்பகலில், லைன் முழுக்க வாசலில் நின்று பார்க்க, உன்னையும் ஒரு துணிமூட்டையையும் கையில் பிடித்துக்கொண்டு படித்துறைக்கு நடந்தேன். உனக்கு நான் சொன்னது, மாமா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கப் போகிறோம் என்று. நீ துள்ளிக்கொண்டு வந்தாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

மாமா வீட்டில் நமக்குக் கிடைத்தது மாடிப்படிக்குக் கீழே ஒரு பாய் விரிக்கிற இடம். உன் மாமா ஒன்றும் சொல்லவில்லை, நீ பள்ளிக்கூடம் போன பிறகு அத்தை தினமும் ஒன்று சொன்னாள். புருஷனை விட்டு வந்தவள், சாமி பேச்சை மீறி வந்தவள். நான் சிராங்கூன் ரோட்டு மாவு மில்லில் மிளகாய் காய வைக்கிற வேலைக்குப் போனேன். தும்மித் தும்மி மூக்கில் ரத்தம் வரும். ஆனாலும் காலையில் நீ சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவதைப் பார்க்கிறபோது எனக்கு நெஞ்சு நிறைந்திருக்கும்.

பிறகு உனக்கு அம்மை போட்டது.

அது உனக்கு ஞாபகம் இருக்கும். வேப்பிலை மேல் படுத்திருந்தது, இளநீர் குடித்தது, அரிப்புத் தாங்காமல் அழுதது. ஆனால் அத்தை சமையலறையில் நின்று சொன்னது உனக்குக் கேட்டிருக்காது. "அவ இருக்கச் சொன்னா, நீ வந்தே. இப்ப அவளே உன் பின்னால வந்துட்டா" என்றாள். அதுவரை எதற்கும் கலங்காத நான் அதைக் கேட்டுக் கலங்கிப்போனேன். அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது என்று மண்டைக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. உன் உடம்பில் முத்துமுத்தாக இருந்ததைப் பார்த்து, இத்தனையும் நான் செய்தது என்று நினைத்தேன். உன் தலைமாட்டில் நின்று அவளோடு சண்டை போட்டேன். சண்டை என்னோடுதானே, என்னை எடுத்துக்கொள், அவன் என்ன பண்ணினான் என்றேன். மூட்டையைக் கட்டி வைத்தேன். நீ எழுந்து நடக்க ஆரம்பித்ததும் தீவுக்குத் திரும்பிப் போய் அவள் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். உன் படிப்பு போனாலும் போகட்டும், நீ இருந்தால் போதும்.

சம்பான்காரன் ஒருவன் மூலம் செய்தி கேட்டு உன் அப்பா வந்தார். வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே, ஒரு காலில் செருப்பு இல்லை. என்னிடம் பேசாமல் நேரே உன்னிடம் போய் உட்கார்ந்தார். உனக்கு வேப்பிலையால் வருடிக்கொண்டே இருந்தார். உனக்கு முதல் தண்ணீர் ஊற்றினோம், பிறகும் ஊற்றினோம், நீ எழுந்து கஞ்சி குடித்தாய். அவர் திரும்பிப் போக வேண்டிய நாள் வந்தது. நான் கட்டி வைத்திருந்த மூட்டையை எடுத்துக்கொண்டு, நாங்களும் வருகிறோம் என்று வாசலுக்கு வந்தேன். அவர் வீட்டு முன்னால் ஐந்தடி நடைபாதையில் நின்று, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூட்டையை என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தார்.

"நானே இங்க இருந்துர்றேன்," என்றார். "ஒண்ணே ஒண்ணு. அவன் எப்பக் கேட்டாலும் வெள்ளைப்பூன்னே சொல்லு. அவன் கை எடுத்த பூ நம்ம ரெண்டு பேரையும் பிரிச்சுதுன்னு அவனுக்குத் தெரியவே கூடாது."

தம்பி, அந்த மனுஷன் சாமிக்குப் பயந்தவர். அந்தத் தீவைத் தவிர வேறு ஒன்றையும் விரும்பாதவர். அவர் உனக்காகச் சாமி பேரில் ஒரு பொய் சொன்னார். சாகிற வரைக்கும் அதை மாற்றாமல் சொன்னார். நீ எத்தனை முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டாய். ஒவ்வொரு முறையும் வெள்ளைப்பூ விரிகிற இடத்தில் அவர் குரல் தடுக்கும். நீ அது பக்தி என்று நினைத்தாய். நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

மற்றவர்கள் கதையையும் கேட்டுக்கொள், உன் சரித்திரத்துக்கு உதவும். வேறு பட்டாளம் வந்தது, எங்கள் லைன் ஆட்களுக்கு வேலை தரவில்லை. பூவை மீறினார்கள் என்ற பேர் யாருக்கும் வேண்டாம். அதனால் ஒவ்வொரு குடும்பமாக, கல்யாணத்துக்குப் போகிறோம், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுச் சம்பான் ஏறினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் முத்தையா அண்ணன் மட்டும் மேட்டில் விளக்கேற்றிக்கொண்டு இருந்தார். அவரும் எத்தனை நாள்தான் தனியாக இருப்பார்? வெள்ளை வருகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் பூப் போட்டாராம். வந்ததும் கல்லை ஒரு புதுச் சேலையில் சுற்றிச் சம்பானில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அவரே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். அம்மன் இப்போது கரையில், அலெக்சாண்டிரா பக்கம் ஒரு சின்னக் கோயிலின் மூலையில் இருக்கிறாள். போகிறபோதெல்லாம் எண்ணெய் விடுகிறேன். எனக்கும் அவளுக்கும் இப்போது சண்டை இல்லை.

இத்தனை வருஷம் மூடி வைத்ததை இப்போது ஏன் திறக்கிறேன் என்று கேட்பாய். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன், தெரிகிறது. அவர் உனக்கு நிழல் தர வேண்டும் என்று சொன்ன பொய் அது. இன்று நீ அதன்மேல் ஏறி நின்று உன் வாழ்க்கையை முடிவு பண்ணப் பார்க்கிறாய். சாமி சரி என்று சொன்னதால்தான் நாம் கரைக்கு வந்தோம் என்று நினைத்துக்கொண்டு, அது சொல்லாவிட்டால் அசையக் கூடாது என்று இருக்கிறாய். சரி என்று யாரும் சொல்லவில்லை. சாமி சொல்லவில்லை, அப்பா சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. நான் பயந்துகொண்டேதான் வந்தேன். உன் கட்டுரையை யாராவது மறுபடி அச்சுப் போட்டால் அந்த வரியைத் திருத்து. அப்பா சொன்ன பொய்யையும் சேர்த்து எழுது, அவர் பெயரோடு எழுது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பூ நான் கட்டமாட்டேன். கோயில் வாசலில் பூக்காரர் கடை வரை போனேன், உண்மையைச் சொல்கிறேன். வெள்ளையும் சிவப்பும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டிலுமே சிவப்பைக் கட்டிவிட்டால் நீ இங்கேயே இருந்துவிடுவாயே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. பூவை அங்கேயே ஒரு குழந்தை கையில் கொடுத்துவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

நீ போனால் எனக்கு வீடு வெறிச்சென்று போகும். உனக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன், தடுக்க இல்லை. இந்தத் தாழ்வாரத்தில் நான் இன்னும் வேகமாக நடப்பேன். மில் வேலை இருக்கிறது, நாலு மனிதர் இருக்கிறார்கள், பட்டினி கிடக்கமாட்டேன். ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள். அன்று நான் முன்னால் வந்தேன், உன் அப்பா பின்னாலேயே ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். அதனால்தான் நான் செய்தது இன்றைக்குச் சரியாகத் தெரிகிறது. அவர் வராமலே இருந்திருக்கலாம். வருவார் என்று தெரிந்து நான் படகேறவில்லை. நீ கப்பலேறினால் நான் உன் பின்னால் வரமாட்டேன். எனக்கு இந்த ஊரை விட்டு வர முடியாது. நீ அங்கே படுத்துவிட்டாலும் வேப்பிலையோடு வந்து நிற்க முடியாது, நான் இங்கே படுத்துவிட்டால் உனக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டு முடிவு பண்ணு. நான் செய்ததைவிட இது கடினம்தான்.

முடிவு பண்ணியதும் எனக்கு ஒரு வரி எழுது. போகிறேன் என்று எழுது, அல்லது போகவில்லை என்று எழுது. பூ சொன்னது என்று எழுதாதே, அம்மா சொன்னாள் என்றும் எழுதாதே.

இப்படிக்கு,
உன் அம்மா